கிறிஸ்துமஸ், ஈஸ்டர், பழைய தெய்வங்கள்: எது கடன், எது கட்டுக்கதை?

டிசம்பர் பிறந்ததும் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றத் தொடங்கிவிடும். டிசம்பர் 25 இயேசு பிறந்த நாளே இல்லை, அது ரோமர்களின் சூரியக் கடவுளுக்குப் பிறந்தநாள், திருச்சபை அதைத் தனதாக்கிக்கொண்டது என்று. ஈஸ்டர் நெருங்கும்போது இன்னொன்று வரும்: ஈஸ்டர் என்பது பாபிலோனியப் பெண் தெய்வம் இஷ்தாரின் பெயர், முட்டையும் முயலும் அவளுடைய அடையாளங்கள். இவற்றை அனுப்புகிறவர்களில் இரண்டு தரப்பு உண்டு. கிறிஸ்தவத்தைக் குறைசொல்ல நினைப்பவர்கள் ஒரு தரப்பு. இன்னொரு தரப்பு கிறிஸ்தவர்களேதான்: கிறிஸ்துமஸ் கொண்டாடாத யெகோவாவின் சாட்சிகள், சில பெந்தெகொஸ்தே சபையினர். எதிரும் புதிருமான இரண்டு பேரும் ஒரே கதையைச் சொன்னால், அது உண்மையாகத்தான் இருக்கும் என்று நமக்கும் தோன்றிவிடுகிறது.

பழைய ஆவணங்களை எடுத்துப் பார்த்தால் விஷயம் வேறு மாதிரி இருக்கிறது. கிறிஸ்தவம் பழைய சமயங்களிடமிருந்து எடுத்துக்கொண்டது உண்டு, மறுக்க முடியாது. ஆனால் எல்லோருக்கும் தெரிந்த கதைகளுக்குத்தான் ஆதாரம் குறைவு. அழுத்தமான ஆதாரம் உள்ளவையோ யார் காதிலும் விழுவதில்லை.

முதலில் டிசம்பர் 25. கி.பி. 354-இல் வாலெண்டினுஸ் என்ற வசதியான ரோமருக்காக ஒரு தொகுப்பு தயாரானது. ஃபிலோகாலுஸ் என்ற எழுத்துக் கலைஞர் அதை உருவாக்கினார். அதில் ரோம நகரத்தின் நாள்காட்டி ஒன்று இருக்கிறது. டிசம்பர் 25-க்கு நேரே சுருக்கமாக ஒரு குறிப்பு: வெல்லப்படாதவனின் பிறந்தநாள், தேரோட்டப் பந்தயம் 30. வெல்லப்படாதவன் என்றால் சூரியன் என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். அதே தொகுப்பில் வேறொரு இடத்தில், விசுவாசத்துக்காக உயிர்விட்ட மறைசாட்சிகளின் நினைவுநாள் பட்டியலும் இருக்கிறது. அதன் தொடக்கத்தில், அதே டிசம்பர் 25-க்கு, 'யூதேயாவின் பெத்லகேமில் கிறிஸ்து பிறந்தார்' என்று எழுதியிருக்கிறது. இந்தப் பட்டியல் 336-ஆம் ஆண்டு அளவில் தொகுக்கப்பட்டது என்பது ஆய்வாளர்கள் பலரும் ஏற்கும் கணக்கு.

ஆக, ஒரே தொகுப்புக்குள் இரண்டு பிறந்தநாள்கள். எது முந்தியது? சூரியனுக்கு அந்த நாளில் பிறந்தநாள் என்று சொல்லும் மிகப் பழைய ஆவணமே இதுதான். 274-இல் பேரரசர் அவுரேலியன் சூரியனுக்கு ரோமில் பெரிய கோயில் எழுப்பினார் என்பது உண்மை. அதை டிசம்பர் 25-இல் திறந்தார் என்று அந்தக் காலத்து ஆவணம் எதுவும் சொல்லவில்லை. பின்னால் வந்தவர்கள் 354-ஆம் ஆண்டுக் குறிப்பை வைத்து ஊகித்ததுதான் அது. அதே நாள்காட்டியில் சூரியனுக்கு அக்டோபர் 19 முதல் 22 வரை விளையாட்டு விழா குறிக்கப்பட்டிருக்கிறது. கடைசி நாளில் 36 பந்தயங்கள். அதாவது சூரியனுக்கான பெரிய விழா நடந்தது அக்டோபரில். டிசம்பர் 25 ஊர் முழுக்கக் கொண்டாடிய தொன்மையான திருநாள் என்ற சித்திரம் இந்த நாள்காட்டியைப் பார்த்தாலே ஆட்டம் காண்கிறது.

அப்படியானால் கிறிஸ்தவர்களுக்கு அந்தத் தேதி எங்கிருந்து கிடைத்தது? முதல் இருநூறு ஆண்டுகளில் அவர்கள் இயேசுவின் பிறந்தநாளைக் கொண்டாடியதாகவே தெரியவில்லை. வேதத்தில் பிறந்தநாள் கொண்டாடுகிறவர்கள் பார்வோனும் ஏரோதும் போன்ற பாவிகள்தான் என்று திருச்சபை அறிஞர் ஓரிகன் 3-ஆம் நூற்றாண்டில் பிரசங்கம் செய்தார். அதற்குக் கொஞ்சம் முன்பு, அலெக்சாந்திரியாவின் கிளெமெந்து, சிலர் மே 20 என்றும் சிலர் ஏப்ரலில் ஒரு நாள் என்றும் சொல்வதாகக் குறித்து வைத்திருக்கிறார். 243-இல் எழுதப்பட்ட ஒரு கணக்கு நூல் மார்ச் 28 என்றது. ஆளாளுக்கு ஒரு தேதி சொன்ன காலம் அது.

இதற்கிடையில் இன்னொரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. இயேசு சிலுவையில் அறையப்பட்டது மார்ச் 25 என்று மேற்கே, லத்தீன் திருச்சபையில், எழுத்தாளர் தெர்த்துல்லியன் காலத்திலிருந்தே, அதாவது 200 அளவிலிருந்தே, ஒரு கருத்து இருந்தது. அவர் தாயின் வயிற்றில் உருவானதும் அதே நாளில்தான் என்றும் நம்பினார்கள். பின்னால் ஆயர் அகுஸ்தீன் இதை வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்: கருவானது மார்ச் 25, பாடுபட்டதும் அதே தேதி, பிறந்தது டிசம்பர் 25. மார்ச் 25-லிருந்து ஒன்பது மாதம் எண்ணிப் பாருங்கள், சரியாக அங்கே போய் நிற்கும். கிழக்கே சில சபைகளில் சிலுவை மரண நாளை ஏப்ரல் 6 என்று கணக்கிட்டார்கள். அதிலிருந்து ஒன்பது மாதம் என்றால் ஜனவரி 6. ஆர்மீனியத் திருச்சபை இன்றைக்கும் பிறப்புப் பெருவிழாவை ஜனவரி 6-இல்தான் கொண்டாடுகிறது. பிரெஞ்சு அறிஞர் துஷேன் 1889-இல் முன்வைத்த விளக்கம் இது. அதே ஆண்டில்தான் ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் ஊசெனர் சூரிய விழாக் கருத்தை வலுவாக நிறுவ முயன்றார் என்பதையும் சொல்ல வேண்டும்.

எனக்குக் கணக்கு விளக்கம்தான் மேலாகப் படுகிறது. காரணம் ஜனவரி 6. மேற்கில் ஒரு தேதியும் கிழக்கில் ஒரு தேதியும் ஏன் என்ற கேள்விக்கு, ஒரே சூத்திரத்தை வைத்துப் பதில் சொல்ல அதனால் முடிகிறது. ரோமின் சூரிய விழாவை வைத்து முடியாது. ஆனால் இதிலும் ஒரு ஓட்டை உண்டு. விழா தொடங்குவதற்கு முன்பே யாரோ உட்கார்ந்து இப்படி எண்ணியதற்கு மறுக்க முடியாத ஆவணம் கிடையாது. விழா வந்த பிறகு அதற்கு நியாயம் தேடி எண்ணியிருக்கலாம் என்று எதிர்த்தரப்பு கேட்டால், அந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது.

சூரியனுக்கும் கிறிஸ்துமஸுக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்ல வரவில்லை. ரோமரின் பழைய நாள்காட்டியில் குளிர்காலத்தின் மிகக் குறுகிய பகல் டிசம்பர் 25 என்றுதான் குறிக்கப்பட்டிருந்தது. அன்றிலிருந்து வெளிச்சம் வளரும். இந்தப் பொருத்தத்தை 4-ஆம் நூற்றாண்டுப் பிரசங்கிகள் ஆசையோடு பிடித்துக்கொண்டார்கள். கிறிஸ்துவே நீதியின் சூரியன் என்று பேசினார்கள். வத்திக்கானில் புனித பேதுரு பேராலயத்துக்கு அடியில் இருக்கும் பழைய கல்லறைகளில் ஒன்றின் கூரையில், தலையைச் சுற்றி ஒளிக்கதிர்களோடு தேரில் ஏறிப் போகும் ஓர் உருவம் மொசைக்கில் இருக்கிறது. சுற்றிலும் திராட்சைக் கொடி. கிறிஸ்துவைச் சூரிய வடிவில் காட்டும் படம் என்றே பலரும் அதைக் கருதுகிறார்கள். 5-ஆம் நூற்றாண்டின் நடுவில் போப் லியோ ஒரு கிறிஸ்துமஸ் பிரசங்கத்தில் வருத்தப்பட்டுப் பேசியது இன்னும் சுவையானது. ஆலயப் படிகளில் ஏறி வரும் கிறிஸ்தவர்கள் வாசலுக்குப் போகும் முன் திரும்பி நின்று, உதிக்கும் சூரியனுக்குத் தலை வணங்கிவிட்டு உள்ளே வருகிறார்களாம். நூறாண்டுக்கு மேல் கிறிஸ்தவப் பேரரசர்கள் ஆண்ட ஊரில் இந்த நிலை. மேலிருந்து யாரோ திட்டம் போட்டு ஒரு விழாவை மாற்றி வைத்தார்கள் என்ற கதையோடு இது ஒத்துப்போகவில்லை. சனங்கள் தங்கள் பழக்கத்தைக் கையோடு கொண்டு வந்தார்கள், ஆயர் தடுத்துப் பார்த்தார்.

பரிசு கொடுக்கும் பழக்கத்திலும் அதே கதைதான். டிசம்பர் 17-இல் தொடங்கிய சத்துர்னாலியா விழாவில் ரோமர்கள் மெழுகுவர்த்தியும் சிறு மண்பொம்மைகளும் கொடுத்துக்கொண்டார்கள். அடிமைகளுக்கு அன்று எஜமானரின் பந்தியில் இடம் உண்டு. ஜனவரி 1 புத்தாண்டுக்கும் பரிசு உண்டு. திருச்சபை இதைச் சுவீகரித்துக்கொண்டதா என்றால், இல்லை, ஆரம்பத்தில் கடுமையாக எதிர்த்தது. பழைய சமயத்தவர்கள் பரிசு கொடுக்கட்டும், நீங்கள் ஏழைக்குப் பிச்சை போடுங்கள். அவர்கள் குடித்துக் கூத்தாடட்டும், நீங்கள் நோன்பு இருங்கள் என்று ஒரு ஜனவரி முதல் நாளில் அகுஸ்தீன் கேட்டுக்கொண்டார். 567-இல் பிரான்சின் தூர் நகரில் கூடிய ஆயர் மன்றம் அந்த நாள்களில் நோன்பு இருக்கும்படி விதித்தது. அப்படியும் புத்தாண்டுப் பரிசு பிரான்சில் இன்றுவரை ஒழியவில்லை.

மித்ரா என்ற பாரசீகத் தெய்வம் டிசம்பர் 25-இல் கன்னியிடம் பிறந்தது என்பது அடுத்த செய்தி. இதற்குப் பழங்கால ஆதாரம் எதுவும் கிடையாது. ரோமர் வணங்கிய மித்ராவின் சிற்பங்களில் அவர் பாறையிலிருந்து முளைத்து வருகிறார்.

ஈஸ்டருக்கு வருவோம். இதன் வேர் பழைய ஐரோப்பியச் சமயத்தில் இல்லை, யூதர்களின் பாஸ்கா பண்டிகையில் இருக்கிறது. 2-ஆம் நூற்றாண்டிலேயே ஸ்மிர்னாவின் ஆயர் பொலிகார்ப்பு ரோமுக்குப் போய், நிசான் என்ற யூத மாதத்தின் 14-ஆம் நாளிலேயே பாஸ்கா கொண்டாட வேண்டுமா, ஞாயிற்றுக்கிழமையிலா என்று ரோம ஆயர் அனிசெத்துவோடு வாதாடியிருக்கிறார். ஒரு முடிவுக்கு வராமலே இருவரும் சமாதானமாகப் பிரிந்தார்கள். 325-இல் நிசேயாவில் கூடிய ஆயர் மன்றமும் இதே தேதிப் பிரச்சினையைப் பேசியது. ஆங்கிலேயர்கள் கிறிஸ்தவர்களாவதற்கு முன்பே இவ்வளவும் நடந்துவிட்டது.

பெயரைப் பற்றிய குழப்பம் ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் மட்டும்தான். இங்கிலாந்துத் துறவி பீட் 725-இல் எழுதிய நூலில், தங்கள் முன்னோர் ஏப்ரல் மாதத்தை எயோஸ்ட்ரே என்ற பெண் தெய்வத்தின் பெயரால் அழைத்தார்கள் என்று ஒரு வரி எழுதினார். அந்தத் தெய்வத்தைப் பற்றி நமக்குக் கிடைத்த முழு விவரமும் அந்த ஒரு வரிதான். முட்டை கிடையாது, முயல் கிடையாது. 1958-இல் ஜெர்மனியில் ஏறக்குறைய இதே பெயருள்ள தாய்த் தெய்வங்களுக்கு எழுதப்பட்ட ரோமர் காலக் கல்வெட்டுகள் நூற்றுக்கும் மேல் கிடைத்ததால், பீட் சும்மா கற்பனை செய்யவில்லை என்ற எண்ணம் இப்போது வலுத்திருக்கிறது. ஆகவே மாதத்தின் பெயரும் அதிலிருந்து வந்த ஈஸ்டர் என்ற பெயரும் கடன் என்பதை ஏற்றுக்கொள்ளலாம். இஷ்தாரை இங்கே கொண்டுவந்தவர் அலெக்சாண்டர் ஹிஸ்லொப் என்ற ஸ்காட்லாந்துப் போதகர். கத்தோலிக்க வழிபாடு முழுவதும் பாபிலோனிய விக்கிரக வணக்கமே என்று நிறுவ அவர் 1858-இல் வெளியிட்ட 'இரண்டு பாபிலோன்கள்' நூலில், உச்சரிப்பு ஒத்துப்போவதை மட்டும் வைத்து இரண்டு பெயர்களையும் முடிச்சுப் போட்டார். இன்று தமிழில் சுற்றும் செய்திகளில் பாதி அந்தப் புத்தகத்தின் வழித்தோன்றல்கள்.

முட்டைக்கு விளக்கம் சமையலறையிலேயே இருக்கிறது. இடைக்கால ஐரோப்பாவில் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் முழுவதும் முட்டை சாப்பிடக் கூடாது. கோழிக்கு அது தெரியாதே, அது இட்டுக்கொண்டுதான் இருக்கும். நாற்பது நாள் சேர்ந்துபோன முட்டை ஈஸ்டர் அன்று விருந்தானது. 1290-இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டின் அரண்மனைக் கணக்கில், ஈஸ்டருக்காக 450 முட்டைகள் 18 பென்சுக்கு வாங்கி, தங்கத் தாள் ஒட்டியும் நிறமேற்றியும் கொடுத்த செலவு பதிவாகியிருக்கிறது. முட்டையிடும் முயல் எழுத்தில் தலைகாட்டுவது 1682-இல், ஒரு ஜெர்மானிய மருத்துவரின் கட்டுரையில்.

கிறிஸ்துமஸ் மரமும் அப்படித்தான். பைபிளில் எரேமியா 10-ஆம் அதிகாரத்தில் காட்டில் மரத்தை வெட்டி, வெள்ளியாலும் பொன்னாலும் அலங்கரித்து, அசையாதபடி ஆணி அடிக்கிறார்கள் என்று வருவதைக் காட்டி, மரம் வைப்பது பாவம் என்பார்கள். தொடர்ந்து அடுத்த வசனங்களைப் படித்தால் அது பேசாது, நடக்காது, தூக்கிச் சுமக்க வேண்டும் என்று வரும். தச்சன் செதுக்கிய சிலையைத்தான் தீர்க்கதரிசி சொல்கிறார். வீட்டுக்குள் அலங்கார மரம் வைத்த தெளிவான வர்ணனை 1605 ஸ்ட்ராஸ்பூர்க்கிலிருந்து கிடைக்கிறது: காகித ரோஜாக்கள், ஆப்பிள், அப்பம், சர்க்கரை தொங்கவிட்ட ஊசியிலை மரங்கள். ஜெர்மானியர்கள் ஓக் மரத்தை வழிபட்டது உண்மைதான். அந்த மரத்தை மறைப்பணியாளர் போனிபாஸ் 8-ஆம் நூற்றாண்டில் வெட்டிச் சாய்த்ததற்கும் இந்த மரத்துக்கும் நடுவில் எண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி.

நவம்பர் 1 சகல புனிதர் திருநாள் அயர்லாந்தின் சாவ்வின் (Samhain) என்ற பழைய விழாவை மூடி மறைக்க வைத்தது என்பார்கள். அயர்லாந்துச் சபையின் பழைய நாள்காட்டிகளைப் பார்த்தால், அங்கே சகல புனிதர்களை நினைத்தது ஏப்ரல் 20-இல். நவம்பர் 1 என்ற தேதி 8, 9-ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்திலும் ஜெர்மானிய நாடுகளிலும் வேர்பிடித்த பிறகே அயர்லாந்துக்குப் போனது. தேதி வந்த திசையே நேர்மாறாக இருக்கிறது.

சரி, இப்படி ஆதாரம் குறைந்த கதைகள் ஏன் இவ்வளவு பரவின? 16-ஆம் நூற்றாண்டிலிருந்து சீர்திருத்தத் தரப்புக்கு, அதாவது புராட்டஸ்டண்டுகளுக்கு, வேதத்தில் இல்லாத திருநாள்கள் எல்லாம் பழைய சமயத்தின் எச்சங்கள் என்று காட்டுவது ஓர் ஆயுதமாக இருந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் 1659-இல் கிறிஸ்துமஸ் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம் என்று சட்டமே போட்டார்கள். 1681 வரை அது அமலில் இருந்தது. இப்படிக் கத்தோலிக்கரைத் தாக்கக் கிறிஸ்தவர்கள் செய்த வாதத்தையே பின்னால் நாத்திகர்கள் எடுத்துக் கிறிஸ்தவம் முழுமைக்கும் எதிராக வைத்தார்கள்.

இனி உண்மையிலேயே கடன் வாங்கியவை. எனக்குத் தெரிந்து மிக வலுவான உதாரணம் ஏப்ரல் 25. ரோமில் அது ரோபிகுஸ் என்ற தெய்வத்தின் நாள். கோதுமைப் பயிரில் விழும் துரு நோய்க்கு அதிபதி அந்தத் தெய்வம். கவிஞர் ஓவிட், வெள்ளுடை அணிந்த கூட்டத்தை வழியில் சந்தித்ததை எழுதியிருக்கிறார். நாயின் குடலையும் ஆட்டின் குடலையும் நெருப்பிலிட எடுத்துப் போன பூசாரி, எங்கள் பயிரைத் தொடாதே, வாளையும் ஈட்டியையும் வேண்டுமானால் அரித்துத் தின்னு என்று அந்தத் தெய்வத்தைக் கெஞ்சினாராம். கிறிஸ்தவ ரோமில் அதே ஏப்ரல் 25-இல் பெரிய மன்றாட்டுப் பவனி நடந்தது. 6-ஆம் நூற்றாண்டின் இறுதியில், போப் முதலாம் கிரகோரி காலத்திலேயே அது வழக்கத்தில் இருந்தது. விளைச்சலுக்காக வேண்டிக்கொள்வதும் அதன் நோக்கம். நாய் பலி போய்விட்டது. நாளும் ஊர்வலமும் வேண்டுதலும் மிஞ்சின. 1969-இல் வழிபாட்டு நாள்காட்டியைத் திருத்தும் வரை கத்தோலிக்கத் திருச்சபையில் இது இருந்தது. எந்த ஃபார்வர்டிலும் இது வந்து நான் பார்த்ததில்லை.

அதே கிரகோரி 601-இல் இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டிருந்த மெலித்துஸ் என்ற துறவிக்கு எழுதிய கடிதம் இன்னொன்று. அதே ஆண்டில் கெண்ட் மன்னர் எத்தல்பெர்ட்டுக்கு எழுதியபோது கோயில்களை இடித்துத் தள்ளச் சொல்லியிருந்தார். பிறகு யோசித்து மனம் மாறினார். கோயில்களை இடிக்க வேண்டாம், உள்ளிருக்கும் சிலைகளை மட்டும் அகற்றுங்கள், தீர்த்தம் தெளித்துப் பீடம் கட்டுங்கள். மாடுகளைப் பலியிட்டு வந்த மக்களுக்கு அதற்குப் பதிலாக ஒரு விழா வேண்டும். ஆலயத்தைச் சுற்றி மரக்கிளைகளால் பந்தல் போட்டு, கடவுளைப் புகழ்ந்துகொண்டே அறுத்துச் சாப்பிடட்டும். உயரத்துக்குப் போகிறவன் படிப்படியாகத்தான் ஏறுவான், ஒரே தாவில் அல்ல. இதில் ஒளிவுமறைவே இல்லை. செய்தவரே காரணத்தோடு எழுதி வைத்திருக்கிறார்.

நார்வேயிலும் அரசன் ஹாக்கோன் 10-ஆம் நூற்றாண்டில் யூல் என்ற பழைய குளிர்கால விழாவைக் கிறிஸ்தவர்கள் கொண்டாடும் நாளுக்கு மாற்றிச் சட்டம் செய்ததாகவும், ஒவ்வொருவரும் குறித்த அளவு பீர் காய்ச்ச வேண்டும் என்று விதித்ததாகவும் பழைய வரலாற்றுக் கதை சொல்கிறது. எழுதப்பட்டது 13-ஆம் நூற்றாண்டில். ஆனாலும் அங்கே கிறிஸ்துமஸுக்கு இன்னமும் யூல் என்றுதான் பெயர்.

இதே விவாதம் தமிழ் மண்ணிலும் கொதித்தது. 1606-இல் மதுரைக்கு வந்த இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நோபிலி காவி உடுத்து, சந்தனம் பூசி, மரக்கறி மட்டும் உண்டு வாழ்ந்தார். பூணூலும் குடுமியும் சமூக அடையாளங்கள், சமய அடையாளங்கள் அல்ல என்று வாதாடினார். 1623-இல் ரோம் அதை ஏற்றுக்கொண்டது. எண்பது ஆண்டு கழித்து, 1704-இல், போப்பின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்த தூர்னோன் பதினாறு அம்சங்கள் கொண்ட ஆணை பிறப்பித்தார். பிள்ளையார் உருவம் பொறித்த தாலி கூடாது, கல்யாணத்தில் தேங்காய் உடைக்கக் கூடாது, பெண் வயதுக்கு வந்ததைச் சடங்காகக் கொண்டாடக் கூடாது, திருநீறு கூடாது. 1744-இல் ரோம் அதை இறுதியாக உறுதிசெய்தது. அதன் பிறகு இங்கே வரும் மறைப்பணியாளர்கள் அந்த ஆணையைக் கடைப்பிடிப்பதாக உறுதிமொழி எடுக்க வேண்டியிருந்தது. 1940-இல்தான் அது விலக்கப்பட்டது. 1969-இல் ஆரத்தியும் கைகூப்பி வணங்குவதும் வழிபாட்டுக்குள் அனுமதிக்கப்பட்டன. தாலி என்னவோ ஒருநாளும் போகவில்லை. பிள்ளையார் இருந்த இடத்தில் சிலுவையும் புறாவும் வந்தன.

அந்த 1704 ஆணையில் அதிகம் பேசப்படாத பகுதி ஒன்று உண்டு. சாகக் கிடக்கும் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவரின் வீட்டுக்குள் குருக்கள் போய் அருட்சாதனம் வழங்க வேண்டும் என்று தூர்னோன் கட்டளையிட்டார். சாதி வழக்கம் என்று சொல்லி அவர்கள் உள்ளே போகாமல் இருந்ததால்தான் இப்படி ஓர் ஆணை தேவைப்பட்டது. வெளியிலிருந்து உள்ளே வந்த வழக்கங்களில் என்னை உறுத்துவது முட்டையோ மரமோ தாலியோ அல்ல, இதுதான். மற்றவற்றுக்கு மூலம் தேடி ஆண்டுதோறும் சண்டை போடுகிறவர்கள் இதைப் பற்றி வாய் திறப்பதில்லை. திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளத்தில் 19-ஆம் நூற்றாண்டில் கட்டிய கோயிலுக்கு, ஒரே பீடத்திலிருந்து இரண்டு கால்களாகப் பிரியும் இரண்டு கூடங்கள் வைத்தார்கள்: வேளாளருக்கு ஒன்று, நாடாருக்கு ஒன்று. பூசை ஒன்று, உட்காரும் இடம் மட்டும் வேறு. கால்சட்டைக் கோயில் என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது.